ரமணரின் கடைசி நாட்களைப் படம்பிடித்த பிரெஞ்சுக்காரர்: யார் இந்த ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸன்? அவர் கையில் இருந்த குட்டி கேமரா எப்படி வேலை செய்தது?

1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை இரவு. திருவண்ணாமலையில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், வீட்டு வாசலில் நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தார். தெற்கே இருந்து வால் நீண்ட ஒரு எரிநட்சத்திரம் மெதுவாக வானத்தைக் கடந்து போய், அண்ணாமலைக்குப் பின்னால் மறைந்தது. உடனே வாட்ச்சைப் பார்த்தார். மணி 8.47. எல்லோரும் ரமணாசிரமத்துக்கு ஓடினார்கள். பகவான் ரமண மகரிஷி அதே நேரத்தில்தான் உயிர் நீத்திருந்தார்.

இந்தச் சம்பவம் ஆசிரமத்தில் வாழ்ந்த பக்தர் ஒருவரின் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. வாட்ச்சைப் பார்த்த அந்த நபர் சாதாரண சுற்றுலாப் பயணி இல்லைங்க. 20-ம் நூற்றாண்டின் மிகப் பெரிய புகைப்படக்காரர்களில் ஒருவரான ஹென்றி கார்டியர் பிரெஸ்ஸன்.

திருவண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், செங்கம் என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும், ஏதாவது ஒரு கடையிலோ வீட்டிலோ ரமணர் படம் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதில் அதிகம் கண்ணில் படுவது, 1946-ல் வெல்லிங் என்ற புகைப்படக்காரர் எடுத்த மார்பளவுப் படம். ஆனால் நோயில் தளர்ந்து படுத்திருந்த ரமணரின் கடைசி நாட்களை உலகத்துக்குக் காட்டிய படங்களில் பிரெஸ்ஸன் எடுத்தவை முக்கியமானவை.

சாகப்போகும் ஒரு மனிதரின் அறைக்குள் கேமராவோடு போவது எப்படி? யாரையும் தொந்தரவு செய்யாமல் படம் எடுக்க முடியுமா? பிரெஸ்ஸனின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. பதிலில் பாதி அவருடைய குணம். மீதிப் பாதி அவர் கையில் இருந்த 'லைக்கா' கேமரா. இரண்டையும் பார்க்கலாம்.

பணக்கார வீட்டுப் பையன், ஓவியக் கனவு

பிரெஸ்ஸன் பிறந்தது 1908 ஆகஸ்ட் 22, பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள ஷாந்தலூ என்ற ஊரில். அப்பா நூல் தயாரிப்புத் தொழில் செய்த வசதியான குடும்பம். பையன் தொழிலைப் பார்த்துக்கொள்வான் என்று வீட்டில் நினைத்தார்கள். அவருக்கோ ஓவியத்தில்தான் ஆசை. ஆந்த்ரே லோத் என்ற ஓவியரிடம் முறைப்படி பயிற்சி எடுத்தார். ஒரு சட்டத்துக்குள் கோடுகளையும் உருவங்களையும் எப்படி அடுக்குவது என்ற கணக்கு அங்கேதான் அவர் கண்ணில் பதிந்தது.

1931-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஐவரி கோஸ்ட்டுக்குப் போனார். அங்கே கடுமையான காய்ச்சல் வந்து சாவின் விளிம்புக்குப் போய்விட்டார். தன்னை எங்கே, எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று தாத்தாவுக்கு எழுதி அனுப்பும் அளவுக்கு நிலைமை மோசம். அதுக்கு நிறைய செலவாகும், முதலில் ஊர் திரும்பச் சொல்லுங்கள் என்ற ரீதியில் வீட்டிலிருந்து பதில் வந்ததாக அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். எப்படியோ பிழைத்துத் திரும்பினார்.

திரும்பி வந்தவர் கண்ணில் ஒரு படம் பட்டது. மார்ட்டின் முன்காச்சி என்ற ஹங்கேரிய புகைப்படக்காரர் எடுத்தது. ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரி அலைக்குள் மூன்று சிறுவர்கள் ஓடுகிறார்கள். அவ்வளவுதான் படம். ஓடுகிற கால், தெறிக்கிற தண்ணீர், அந்த ஒரு நொடி. தூரிகையால் இதைப் பிடிக்க முடியாது என்று பிரெஸ்ஸனுக்குப் புரிந்தது. 1932-ல் மார்செய் நகரத்தில் ஒரு லைக்கா கேமரா வாங்கினார். அதன் பிறகு பல பத்து வருடங்களுக்கு அதுதான் அவர் கூடவே இருந்தது.

ஆஸ்துமாவால் பிறந்த கேமரா

லைக்காவின் கதையும் ஒரு நோயாளியிடம்தான் தொடங்குகிறது. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் மைக்ராஸ்கோப் தயாரித்த லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் ஆஸ்கார் பார்னாக். இயற்கைக் காட்சிகளைப் படம் எடுப்பதில் ஆர்வம் அதிகம். ஆனால் ஆஸ்துமா. அன்றைய கேமரா என்றால் பெரிய மரப்பெட்டி, கண்ணாடித் தகடுகள், மூன்று கால் ஸ்டாண்டு. அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏற அவரால் முடியவில்லை.

அதனால் சினிமாவுக்குப் பயன்படுத்திய 35 மிமீ ஃபிலிமை எடுத்து, பாக்கெட்டில் வைக்கிற அளவுக்கு ஒரு கேமரா செய்தார். சினிமா ஃபிலிமில் ஒரு படம் 18-க்கு 24 மிமீ. அதை இரண்டு மடங்காக்கி 24-க்கு 36 மிமீ ஆக்கினார். இன்றைக்கு கேமரா விளம்பரங்களில் 'ஃபுல் ஃபிரேம்' என்று சொல்கிறார்களே, அந்த அளவு அதுதான். முதல் மாதிரிகள் 1913-14 காலத்தில் தயாராகின. உலகப் போர் குறுக்கே வந்ததால் 1925-ல்தான் லைக்கா கடைக்கு வந்தது. லைட்ஸ் கேமரா என்பதன் சுருக்கமே லைக்கா.

இன்று அந்தக் கேமராக்களின் மதிப்பு என்ன தெரியுமா? விற்பனைக்கு முன்பு சோதனைக்காகச் செய்த கேமராக்களில் ஒன்று, பார்னாக் தானே பயன்படுத்தியது, 2022-ல் நடந்த ஏலத்தில் 1.44 கோடி யூரோவுக்குப் போனது.

ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன?

செல்போனில் திரையைத் தொட்டால் ஃபோகஸ் ஆகிவிடும். ஃபிலிம் கேமராவில் எதிரே இருப்பவர் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, அதற்கு ஏற்ப லென்ஸைத் திருப்ப வேண்டும். முதல் லைக்காவில் தூரத்தைக் கண்ணால் கணித்துத்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் தனியாக ஒரு கருவி மாட்ட வேண்டும். 1932-ல் வந்த லைக்கா 2 மாடலில்தான் தூரம் அளக்கும் கருவியைக் கேமராவுக்கு உள்ளேயே வைத்து, லென்ஸோடு இணைத்தார்கள். அந்தக் கருவியின் பெயர்தான் ரேஞ்ச்ஃபைண்டர்.

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு சின்னச் சோதனை பண்ணிப் பாருங்க. கட்டைவிரலைக் கண்ணுக்கு எதிரே நீட்டுங்க. இடது கண்ணை மூடிப் பாருங்க, பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்க. விரல் இடம் மாறுகிற மாதிரி தெரியும். விரலைப் பக்கத்தில் கொண்டுவந்தால் அதிகமாகத் தாவும். தள்ளி வைத்தால் குறைவாகத் தாவும். இரண்டு கண்ணுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால்தான் இப்படி. அந்தத் தாவலை வைத்தே மூளை தூரத்தைக் கணிக்கிறது.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் முன்பக்கம் இரண்டு ஜன்னல்கள் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். ஒன்றின் வழியே நேரடிக் காட்சி வரும். இன்னொன்றின் வழியே வரும் காட்சி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, முதல் காட்சியின் மேல் விழும். எட்டிப் பார்த்தால் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பினால் உள்ளே இருக்கும் கண்ணாடியும் சேர்ந்து திரும்பும். இரண்டு முகமும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்தினால் ஃபோகஸ் சரி. கரன்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். முழுக்கக் கண்ணாடியும் பித்தளையும்தான்.

இப்போது இரண்டு லென்ஸ் இருக்கிற செல்போன்களில், போர்ட்ரெய்ட் மோடு முகத்தைத் தெளிவாக வைத்துப் பின்னணியை மங்கலாக்குகிறதே, அங்கேயும் இதே அடிப்படைக் கணக்குதான் உதவுகிறது. கண்ணாடி செய்த வேலையை மென்பொருள் செய்கிறது.

பிரெஸ்ஸனுக்கு இது ஏன் பிடித்தது?

கழுத்தில் தொங்கும் பெரிய எஸ்எல்ஆர் கேமராக்களை கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீங்க. அதில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி இருக்கும். பட்டனை அழுத்தும்போது அது மேலே எழும்பி இறங்கும். 'டப்' என்று சத்தம் வரும், அந்த நொடி பார்வையும் மறையும். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே இல்லை. அதனால் கிடைக்கும் வசதிகள்:

• சத்தம் மிகக் குறைவு. துணியால் ஆன ஷட்டர் திரை லேசாக நகரும் ஒலி மட்டும்தான்.

• படம் பதிவாகும் அந்த நொடியிலும் எதிரே நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

• கேமரா குலுங்குவது குறைவு. மங்கலான வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் கையில் பிடித்தே எடுக்கலாம்.

• உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. எதிரே இருப்பவர் பயப்பட மாட்டார்.

• ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம். ஒவ்வொரு படத்துக்கும் தகடு மாற்றும் வேலை கிடையாது.

குறைகளும் உண்டு. பார்க்கும் ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு என்பதால் ரொம்பப் பக்கத்தில் எடுத்தால் படம் கொஞ்சம் விலகி விழும். பழைய லைக்காவில் சாதாரண லென்ஸ் போட்டால் சுமார் ஒரு மீட்டருக்கும் கிட்டே ஃபோகஸ் ஆகாது. தூரத்துப் பறவையை இழுத்து எடுக்கும் பெரிய லென்ஸுக்கும் இது சரிப்படாது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தால்கூட ஜன்னலில் எல்லாம் அழகாகத் தெரியும், ஃபிலிம் மட்டும் காலியாக இருக்கும்!

பிரெஸ்ஸன் இந்தக் குறைகளைப் பற்றிக் கவலைப்படவில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு 50 மிமீ லென்ஸ்தான். கேமராவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு டேப்பால் மூடினார். பிளாஷ் போடுவது அவருக்கு அநாகரிகம். பல நேரங்களில் ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிடுவார். 50 மிமீ லென்ஸை எஃப் 8-ல் வைத்து 4 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், சுமார் 3 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். அப்புறம் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய் அழுத்தினால் போதும். 1932-ல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டும் படத்தை எடுத்தார். அவருடைய கால் தண்ணீரைத் தொடப்போகும் அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது.

மண்ணுக்குள் புதைத்த கேமரா

1930-களின் பிற்பாதியில் சினிமா இயக்குநர் ழான் ரெனுவாரிடம் உதவியாளராக இருந்தார். 1937-ல் ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர் ரத்னா மோகினியைத் திருமணம் செய்தார். பிறகு போர் வந்தது. 1940 ஜூனில் ஜெர்மன் ராணுவத்திடம் சிக்கினார். பிடிபடுவதற்கு முன் தன்னுடைய லைக்காவை பிரான்ஸின் வோஜ் மலைப் பகுதியில் மண்ணுக்குள் புதைத்து வைத்தார்.

கிட்டத்தட்ட மூன்று வருடம் கைதி வாழ்க்கை. இரண்டு முறை தப்பிக்கப் பார்த்து மாட்டினார். 1943-ல் மூன்றாவது முயற்சி பலித்தது. வெளியே வந்தவர் கேமராவைத் தோண்டி எடுத்தார். இதற்கிடையே அவர் இறந்துவிட்டார் என்று நினைத்து நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அஞ்சலிக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தது. 1947-ல் கண்காட்சி நடந்தபோது, ஆள் உயிரோடு வந்து நின்றார். அதே வருடம் ராபர்ட் காப்பா உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து 'மேக்னம்' என்ற புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். யார் எந்தப் பகுதி என்று பிரித்துக்கொண்டபோது, பிரெஸ்ஸன் பங்குக்கு வந்தது ஆசியா.

காந்தியின் கடைசி மாலை

1947-ல் இந்தியா வந்தார். நேருவும் எட்வினா மவுண்ட்பேட்டனும் சிரிக்க, பக்கத்தில் மவுண்ட்பேட்டன் வேறு பக்கம் பார்த்து நிற்கும் படம் அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அதை எடுத்தவர் இவர்தான்.

1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்து, தன் நியூயார்க் கண்காட்சியின் படப் புத்தகத்தைக் காட்டினார். காந்தி நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். சவ வண்டி ஒன்று இருக்கும் படத்தில் மட்டும் நின்று, அதன் பொருள் என்ன என்று விசாரித்தார் என்று பிரெஸ்ஸன் சொல்லியிருக்கிறார். அவர் வெளியே வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காந்தி சுடப்பட்டார்.

பிரெஸ்ஸன் திரும்ப ஓடினார். மாளிகை வாசலில் ஏறி நின்று நேரு மக்களிடம் மரணச் செய்தியைச் சொல்லும் படத்தை எடுத்தார். இருட்டு, பிளாஷ் இல்லை, படம் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கிறது. இன்றும் அந்த இரவைச் சொல்ல அந்தப் படத்தைத்தான் தேடுகிறார்கள்.

அதே இரவு நடந்த இன்னொரு விஷயத்தையும் வரலாற்றாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ராட்டையோடு காந்தி இருக்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்த அமெரிக்கரான மார்கரெட் பூர்க் ஒயிட், உடல் வைத்திருந்த அறைக்குள் கேமராவைக் கொண்டுபோய் பிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். துக்கத்தில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஃபிலிம் அழிக்கப்பட்டது, அவர் வெளியேற்றப்பட்டார். இருவருமே பெரிய கலைஞர்கள்தான். ஆனால் துக்க வீட்டுக்குள் ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

திருவண்ணாமலையில் இரண்டு வாரம்

இந்தியாவுக்குப் பிறகு சீனா. கோமிந்தாங் ஆட்சி கவிழ்ந்து கம்யூனிஸ்டுகள் வந்ததைப் படமாக்கினார். பிறகு இந்தோனேசியா. அங்கே டச்சு ஆட்சி முடிந்ததைப் பார்த்தார். 1950-ல் மறுபடி இந்தியா வந்தவர், மனைவியோடு திருவண்ணாமலையில் சுமார் இரண்டு வாரம் தங்கினார்.

ரமணருக்கு அப்போது 70 வயது. இடது கையில் புற்றுநோய்க் கட்டி. 1949-ல் மட்டும் நான்கு அறுவை சிகிச்சை நடந்தும் கட்டி திரும்பத் திரும்ப வளர்ந்தது. ஆனாலும் தரிசனத்தை நிறுத்த ரமணர் சம்மதிக்கவில்லை. சின்ன அறையில் அவர் சாய்ந்து படுத்திருக்க, பக்தர்கள் வரிசையாகக் கடந்து போனார்கள். அந்த வரிசையில் இருந்தவர்களுக்கு ஒரு பார்வை கிடைத்தாலே போதும் என்ற நிலைமை. அந்த இடத்தில் ஸ்டாண்டு, பெரிய பெட்டி, பளிச்சென்ற விளக்கு என்று ஒருவர் நின்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

பிரெஸ்ஸன் எடுத்த படங்களில் ரமணர் மெலிந்து போயிருக்கிறார். நோய் தெரிகிறது. ஆனால் கண்கள் அமைதியாக இருக்கின்றன. கேமராவுக்காக அவர் எதையும் மாற்றிக்கொண்ட மாதிரி இல்லை. யாரோ எட்டிப் பார்த்துத் திருடிய மாதிரியும் இல்லை.

ஏப்ரல் 14 மாலை, வெளியே பக்தர்கள் ரமணர் இயற்றிய அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருக்க, உள்ளே மூச்சு மெல்ல அடங்கியது. அப்போது பிரெஸ்ஸன் அறைக்குள் இல்லை. தங்கியிருந்த வீட்டு வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியான நொடியைப் பிடிப்பவர் என்று உலகமே கொண்டாடிய மனிதர் அந்த நொடிக்குக் கேமராவைத் தேடவில்லை, கையில் இருந்த வாட்ச்சைத்தான் பார்த்தார். பக்தர்கள் அந்த ஒளியைத் தெய்வச் செயலாகப் பார்க்கிறார்கள். வானியல் தெரிந்தவர்கள், பிரகாசமான எரிகற்கள் அவ்வப்போது விழுவது இயல்பு என்பார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் விருப்பம்.

அடுத்த பயணம் புதுச்சேரி

அங்கிருந்து அவர் போனது அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு. இன்றைக்குத் திருவண்ணாமலையில் இருந்து கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று போகும் சாலையில் அது சுமார் 100 கிமீ பயணம். அங்கே ஸ்ரீ அரவிந்தர் 1926-ல் இருந்து பொதுவெளிக்கு வராமல் தனிமையில் வாழ்ந்துவந்தார். வருடத்தில் சில தரிசன நாட்களில் மட்டும் மக்கள் அவரைப் பார்க்க முடியும். கிட்டத்தட்ட 30 வருடமாக அவரை யாரும் படம் எடுத்ததில்லை. பிரெஸ்ஸனுக்கு அனுமதி கிடைத்தது. ஏப்ரல் 25-ம் தேதி அறைக்குள் போய்ப் படம் எடுத்தார். அதே வருடம் டிசம்பர் 5-ம் தேதி அரவிந்தர் காலமானார்.

காந்தி, ரமணர், அரவிந்தர். இரண்டேகால் வருடத்துக்குள் மூன்று பேரின் கடைசிக் காலப் படங்களும் ஒரே மனிதரின் குட்டி கேமராவில் பதிவாகின.

கேமராவை வைத்துவிட்டு பென்சில் எடுத்தவர்

1952-ல் அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'தி டிசிசிவ் மொமென்ட்' என்று பெயர். அட்டையை வரைந்தவர் ஓவியர் மத்தீஸ். 1954-ல் லைக்கா நிறுவனம் எம் 3 மாடலைக் கொண்டுவந்தது. பழைய மாடலில் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, காட்சி பார்க்க இன்னொரு துளை. எம் 3-ல் இரண்டும் ஒரே பெரிய ஜன்னலில் வந்தன. லென்ஸுக்கு ஏற்ற ஒளிக்கோட்டுச் சட்டமும் அதற்குள்ளேயே தெரியும். சட்டத்துக்கு வெளியே யார் வருகிறார்கள் என்றுகூடப் பார்க்கலாம். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் உச்சம் என்று இன்றும் பலர் சொல்வது இந்த மாடலைத்தான். பிரெஸ்ஸனும் எம் வரிசைக்கு மாறினார்.

1960-களில் ஜப்பானிய எஸ்எல்ஆர் கேமராக்கள் சந்தையைப் பிடித்தன. ரேஞ்ச்ஃபைண்டர் மெல்ல ஓரமானது. 1970-களின் தொடக்கத்தில் பிரெஸ்ஸனும் தொழில்முறைப் புகைப்படத்தில் இருந்து விலகி, இளம் வயதுக் காதலான ஓவியத்துக்கே திரும்பினார். தன்னை யாராவது படம் எடுக்க வந்தால் முகத்தை மறைத்துக்கொள்வார். முகம் தெரிந்துவிட்டால் தெருவில் யாரும் கவனிக்காத ஆளாக நிற்க முடியாது என்பது அவர் கவலை. 2003-ல் பாரிஸில் அவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கியது. 2004 ஆகஸ்ட் 3-ம் தேதி, 95 வயதில், தெற்கு பிரான்ஸில் காலமானார்.

இப்போது நம் கையில் இருப்பது

பிரெஸ்ஸனின் லைக்காவைவிடச் சின்ன கேமரா இன்று எல்லோர் பாக்கெட்டிலும் இருக்கிறது. சத்தத்தை நிறுத்தி வைக்கலாம். இருட்டிலும் எடுக்கலாம். 36 படம் என்ற கணக்கு கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரி வார்டில், சாவு வீட்டில், விபத்து நடந்த ரோட்டில் செல்போனை உயர்த்தும்போது எதிரே இருப்பவர்கள் முகம் சுளிப்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

பிரெஸ்ஸன் ரமணரின் கடைசி நாட்களைப் படமாக்க சுமார் இரண்டு வாரம் அந்த ஊரிலேயே இருந்தார். அரவிந்தர் அறைக்குள் அனுமதியோடு போனார். காந்தியிடம் முதலில் காட்டியது கேமராவை இல்லை, தன் வேலையை. சத்தமில்லாத ஷட்டர் அவருக்கு உதவியது உண்மைதான். அந்த இரண்டு வாரத்தையும் அனுமதியையும் எந்த கேமராவும் வாங்கிக் கொடுக்காது.